நாலு வீட்டுக் காற்றாலை

தெரியாமல் செய்கிற முட்டாள்தனத்துக்கு மன்னிப்பு உண்டு. நான் செய்தது எல்லாம் தெரிந்து செய்தது. காட்டுப்பாக்கத்தில் மொட்டை மாடியில் ஒரு சின்னக் காற்றாலையை நட்டு வைத்தேன். பெருங்காற்று அடித்தால் மிச்சமாகிற மின்சாரத்தைக் குடித்துத் தீர்க்க, அதோடு ஒரு தண்ணீர் டிரம்மும் டிரம்முக்குள் ஒரு ஹீட்டர் காயிலும் வைக்க வேண்டும். வைத்தேன். பிறகு, இந்த ஊரில் ஏது பெருங்காற்று என்று நானே கழற்றினேன். டிரம், லாரித் தண்ணீர் பிடிக்க வாசலுக்குப் போனது. காயில் கட்டிலுக்கு அடியில் துருப்பிடித்தது. டிரம்முக்கு ஓடிய தடித்த வயர் மாடியில் துணிக்கொடி ஆகி, அதில் என் வேட்டி காய்ந்தது. ஐ.டி.ஐ.யில் எலெக்ட்ரீஷியன் படித்து, அம்பத்தூர் எஸ்டேட்டில் பாதி ஆயுளைப் பேனல் போர்டு வயரிங்கில் கழித்த ஒருவனின் வேலை இது.

காற்றாலை வந்தது காயலான் கடையிலிருந்து. ஏதோ ஒரு கல்லூரி, பிள்ளைகளுக்குக் காட்ட வைத்திருந்து, அலுத்துப்போய்க் கழித்துக் கட்டியது. மூன்று இறக்கை, ஒரு வால். ஆட்டோவிலிருந்து நான் அதை இறக்கியபோது என் மனைவி தலையிலிருந்து கால்வரை ஒருமுறை பார்த்தாள். காற்றாலையை இல்லை, என்னை.

"ஊட்டுக்குள்ள ஓடுற ஃபேனுக்கு ரெகுலேட்டர் மாத்துன்னு எத்தினி மாசமா சொல்றேன். அதுக்குள்ள மாடிக்கு ஒரு ஃபேனா?" என்றாள்.

நாங்கள் ஒரே காம்பவுண்டில் நாலு வீடு. நாலுக்கும் நான் தனியாக ஒரு லைன் இழுத்தேன். வீட்டுக்கு ஒரு லைட், ஒரு ஃபேன், ஒரு பிளக். மாடிப்படிக்குக் கீழே இரண்டு பெரிய பேட்டரி, ஒரு இன்வெர்ட்டர், ஒரு மீட்டர். ஊர் லைன் நின்றால் 'காத்தாடி லைன்' ஓடும். அன்றிலிருந்து எனக்கு அந்தச் சந்தில் 'மந்திரி' என்று பெயர். கிண்டல்தான். எனக்கு அது தெரிய சில நாள் ஆனது.

காற்றிலிருந்து கரண்ட் எடுப்பதில் பெரிய வித்தை ஒன்றும் இல்லை. எடுத்த கரண்டுக்கு அந்த நொடியே வேலை கொடுப்பதில்தான் தலைவலி. ஊருக்கு வருகிற பெரிய லைனில் எங்கோ ஒரு மில் நின்றால் வேறெங்கோ இன்னொன்று ஓடும், யாருக்கும் தெரியாது. நாலு வீட்டு லைனில் ஒருத்தர் கிரைண்டரைப் போட்டால் நாலு வீட்டு லைட்டும் கண் சிமிட்டும். காற்று கூடினால் வோல்டேஜ் ஏறும், குறைந்தால் இறங்கும். நடுவில் பேட்டரி உட்கார்ந்து சமாதானம் பேசும். அது நிரம்பிவிட்டால், அதற்கு மேல் வருவதை யாராவது செலவழித்தே ஆக வேண்டும். அதற்குத்தான் அந்த டிரம். அதுதான் வாசலில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்ததே.

முதல் வீடு என்னுடையது. இரண்டாவது வீட்டில் அண்ணன். கூடப் பிறந்தவர் இல்லை. எஸ்டேட்டில் எனக்கு மூத்தவர், ஃபவுண்டரியில் மண் அச்சு போட்டுப் போட்டு நுரையீரலைக் கொடுத்துவிட்டு வந்தவர். ஒரு காலத்தில் கிறிஸ்துமஸ் பாட்டுக்குழுவில் முன்னால் நின்று பாடியவர், இப்போது கட்டிலும் மூக்கில் குழாயுமாக இருந்தார். கட்டில் பக்கத்தில் ஓர் ஆக்ஸிஜன் மெஷின். அறையில் இருக்கிற காற்றையே இழுத்து, வடிகட்டி, ஆக்ஸிஜனாகக் கொடுக்கும். கரண்ட் இருக்கும்வரை கொடுக்கும். டக் என்று ஒரு சத்தம், புஸ் என்று ஒரு சத்தம், நாள் முழுக்க.

மூன்றாவது வீட்டில் தண்ணி லாரி ஓட்டுகிற மாமே. எங்கள் நாலு வீடும் நிற்பது அவர் அப்பா நெல் போட்ட நிலத்தில் என்பதை வாய்ப்பு கிடைத்தபோதெல்லாம் சொல்லிக் காட்டுவார். நாலாவது வீட்டில் இட்லி மாவு அரைத்து விற்கிற தங்கச்சி.

புயலுக்கு முந்தின நாள் சாயங்காலம் அண்ணனுடைய மகள் போன் செய்தாள். ஐயப்பன்தாங்கலில் அடுக்குமாடிக் குடியிருப்பில் இருக்கிறாள், கீழே பெரிய ஜெனரேட்டர் உண்டு. அப்பாவை இப்போதே அழைத்துப் போய்விடுகிறேன் என்றாள். அண்ணியின் கையிலிருந்து போனை வாங்கினேன்.

"எதுக்கும்மா அலையுற. ஊருக்குத்தான் புயல் பேஜாரு. நமக்குக் காத்து அடிச்சாத்தான் கொண்டாட்டம். அப்பாவை நான் பாத்துக்கறேன்."

அவளும் நம்பினாள். நான் பேசினால் நம்பும்படித்தான் இருக்கும். என் தொழிலே அதுவாக இருந்திருந்தால் பெரிய ஆளாகியிருப்பேன்.

மறுநாள் விடிந்ததும் ஊர் லைனை நிறுத்திவிட்டார்கள். கம்பி அறுந்து விழுந்து யாரும் சாகக் கூடாதென்று புயலுக்கு முன்னால் நிறுத்துவது வழக்கம்தான். அண்ணனுக்கு அவசரத்துக்கென்று இருந்த ஒரே சிலிண்டரை நிரப்பக் கொடுத்திருந்த பூந்தமல்லிக் கடையும் ஷட்டரை இறக்கிவிட்டது. ஆக, அவருடைய மூச்சு முழுதும் என் மாடியில். இறக்கை சுற்றுகிற வேகத்தைப் பார்த்து எனக்கே என்மேல் ஒரு மரியாதை வந்தது. முன்பகலுக்குள் பேட்டரி நிரம்பிவிட்டது.

எங்கள் காம்பவுண்டில் ஒரு வழக்கம். கரண்ட் போனால், அண்ணன் மெஷினுக்காக மற்ற வீட்டில் எல்லாரும் அணைத்துக்கொள்வார்கள். யாரும் யாருக்கும் சொல்வதில்லை. அன்றும் அப்படியே நடந்தது. மாவுக்காரத் தங்கச்சி ஊறின அரிசியை அப்படியே வைத்துவிட்டுக் கிரைண்டரை நிறுத்தினாள். மாமே வீட்டில் ஃபேன், லைட், டி.வி. எல்லாம் அணைந்தன. என் மனைவி செல்போன் சார்ஜரைக்கூடப் பிடுங்கி வைத்தாள். இதைவிட நல்ல மனிதர்கள் நடுவே நான் வாழ்ந்ததில்லை. அந்த நல்ல மனசு அத்தனையும் சேர்ந்து வோல்டேஜை மேலே தூக்கிக்கொண்டிருந்தது.

மழையைப் பார்த்துக்கொண்டு டீ குடித்துக்கொண்டிருந்தேன். மாடிப்படிக்குக் கீழே இன்வெர்ட்டர் 'டிக்' என்று ஒரு சத்தம் போட்டது. அளவுக்கு மேல் வோல்டேஜ் ஏறினால் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள அது படுத்துவிடும். அடுத்த நொடி, இரண்டாவது வீட்டிலிருந்து மெஷினின் அலாரம் நீளமாகக் கத்தியது.

ஓடிப்போய்ப் பார்த்தால் அண்ணன் கட்டிலின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு முன்னால் குனிந்து உட்கார்ந்திருந்தார். தோள்பட்டை மேலும் கீழும் போய்வந்தது. அண்ணி காலண்டர் அட்டையால் விசிறிக்கொண்டிருந்தார்.

"தம்பி, நின்னுடுச்சுப்பா. என்னன்னு பாருப்பா."

காற்றாலையை நிறுத்தினால் என்ன என்று கேட்பீர்கள். நிறுத்தும் சுவிட்ச் உண்டு. அந்த வேகத்தில் போட்டால் உள்ளே இருக்கிற சுருள் கருகிவிடும். பேட்டரியிலிருந்து பிரித்துவிட்டால், இழுக்க எதுவும் இல்லாத இறக்கை இன்னும் வெறிபிடித்துச் சுற்றி, பிய்த்துக்கொண்டு, யார் தலையில் போய் இறங்குமோ தெரியாது. மிஞ்சியது ஒரு வழி. காற்று மூச்சு வாங்குகிற நேரத்தில் வோல்டேஜ் சற்று இறங்கும். அந்த நேரம் பார்த்து இன்வெர்ட்டரை எழுப்ப வேண்டும். எழுந்ததும் கரண்டை உறிஞ்ச நாலு வீட்டிலும் சுவிட்சுகள் ஏற்கெனவே போட்டபடி காத்திருக்க வேண்டும்.

கொட்டுகிற மழையில் நாலாவது வீட்டுக் கதவை இடித்தேன்.

"தங்கச்சி, கிரைண்டரைப் போடு."

"கரண்டு இல்லியேண்ணா."

"இல்லாதப்பவே போடு. சுவிட்சைப் போட்டு வையி."

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "அங்க அவருக்கு மூச்சு முட்டிகினு கீது. நீ இட்லிக்கா வந்து நிக்கற?"

"அவருக்காகத்தாம்மா. போடும்மா, கால்ல வுழறேன்."

விழுந்தும்விட்டேன். வேண்டுமென்று இல்லை, வாசல்படி வழுக்கியது. ஆனால் அதைப் பார்த்துத்தான் அவள் உள்ளே ஓடினாள்.

மாமே வெளியே எட்டிப் பார்த்தார். "மாமே, இஸ்திரிப் பெட்டியைச் சொருகி வை, சீக்கிரம்."

"எந்தக் கல்யாணத்துக்குடா?"

"கரண்டு ஜாஸ்தியாயி நின்னுடுச்சு மாமே. செலவு பண்ணாத்தான் வரும்."

"ஜாஸ்தியா கீறதால நின்னுச்சா? காலைலயே ஊத்திகினியா நீ?"

"அண்ணன் நகம் நீலமாவுது மாமே."

அவர் உள்ளே ஓடிப் பெட்டியைச் சொருகினார். என் மனைவியும் எங்கள் இஸ்திரிப் பெட்டியைச் சொருகினாள். நான் மாடிப்படிக்குக் கீழே மண்டியிட்டு மீட்டர் முள்ளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மேலே இறக்கை ஊளையிட்டது. முள் இறங்குவது போல வந்து மறுபடி ஏறியது. எனக்குத் தெரிந்த எல்லா சாமியையும் கூப்பிட்டேன். மாங்காட்டு அம்மனைக் கூப்பிட்டேன், அண்ணன் வீட்டுச் சுவரில் இருக்கிற மாதாவையும் கூப்பிட்டேன், இதில் எந்த டிபார்ட்மெண்ட் இன்வெர்ட்டரைப் பார்க்கிறதென்று தெரியாமல். முள் இறங்கியது. பொத்தானை அமுக்கினேன். எழுந்தது, ஒருமுறை உறுமி மறுபடி படுத்தது. அலாரம் நிற்கவில்லை. அண்ணி என் பெயரைச் சொல்லிக் கத்திக்கொண்டிருந்தார். இன்னொரு முறை முள் இறங்கியது. அமுக்கினேன். நாலாவது வீட்டில் கிரைண்டர் கல் கடகடவென்று உருண்டது.

டக். புஸ்.

அங்கேயே ஈரத் தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

அன்று சாயங்காலம்வரை நாங்கள் வாழ்ந்தது ஒரு வாழ்க்கையா என்று தெரியவில்லை. நான் படிக்குக் கீழிருந்து "போடு" என்பேன், மாமே வாசலில் நின்று "போடுங்கடா" என்று இரண்டு பக்கமும் கத்துவார். காற்று தணிந்தால் "அணை", "அணைங்கடா". ஊறின அரிசி தீர்ந்ததும் தங்கச்சி உளுந்தைப் போட்டாள். உளுந்தும் தீர்ந்ததும் வெறும் தண்ணீரை அரைத்தாள். என் மனைவி வீட்டில் இருந்த துணி எல்லாவற்றையும் இஸ்திரி போட்டாள், தலையணை உறை, கால்மிதி, கடைசியில் கரித்துணி. இஸ்திரி போட்ட கரித்துணியை என் கையில் கொடுத்து, "மூஞ்சத் தொடச்சிக்க" என்றாள். திட்டியிருந்தால் தேவலை.

மறுநாள் விடிந்தபோது காற்று செத்திருந்தது. சந்தில் முழங்காலுக்கு மேல் தண்ணீர், வீடுகளும் மாடிப்படியும் மேடான அஸ்திவாரத்தில் இருந்ததால் உள்ளே மட்டும் ஏறவில்லை. ஊர் லைன் வரவில்லை, எங்கேயோ கம்பங்கள் சாய்ந்து கிடப்பதாகப் பேச்சு. போனில் டவர் இல்லை. நேற்று செலவழிக்க ஆளில்லாத கரண்ட் இன்று வரவே இல்லை. நேற்று போடு போடு என்று கெஞ்சின அதே வாயால் இன்று வீடு வீடாகப் போய் எதையும் போடாதீர்கள் என்று கெஞ்சினேன்.

"ஒரு நாளைக்கு ஒரு பேச்சா மந்திரி?" என்றாள் தங்கச்சி. ஆனால் கேட்டாள். எல்லாரும் கேட்டார்கள். நாலு வீட்டில் ஓடியது அந்த ஒரு மெஷின் மட்டும். அது பேட்டரியைக் குடித்துக்கொண்டே இருந்தது.

மாமே தண்ணீரில் இறங்கி என்னிடம் வந்தார். "லாரில டீசல் கொஞ்சம் கீது. அவங்க பொண்ணு ஊடு வரைக்கும் தாங்கும். லாரி ஒசரம், தண்ணி ஏறாது. இட்டுகினு போயிடலாமா?"

அந்த நேரம் சரி என்று சொல்லியிருக்கலாம். ஒரு வார்த்தை. அதற்கு நான், "மத்தியானம் கடக்காத்து வந்துடும் மாமே. கொஞ்சம் பொறு" என்றேன்.

"கடல் எங்க கீது, நீ எங்க கீற?"

"வரும்னு சொல்றேன்ல."

வராது என்பது எனக்குத் தெரியும். புயல் இழுத்துக்கொண்டு போன மறுநாள் அப்படித்தான் இருக்கும், காலையில் கொடியில் போட்ட என் வேட்டியின் ஓரம்கூட அசையவில்லை. ஆனாலும் வாய் சொல்லிவிட்டது. அண்ணனுடைய மகளிடம் பாத்துக்கறேன் என்று சொன்னவன், காற்றாலை ஒரே நாளில் கைவிட்டது என்று எந்த முகத்தோடு போய்ச் சொல்வது? அவரைத் தூக்கி லாரியில் ஏற்றினால் நாலு வீடும் சேர்ந்து என் மந்திரி பதவியைப் பிடுங்கியதாகிவிடும். கிண்டலுக்கு வைத்த பதவி. அதைக் காப்பாற்றத்தான் ஒரு மனிதரின் மூச்சை முள்ளில் மாட்டி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

என் மனைவி வந்து படிக்குக் கீழே எட்டிப் பார்த்தாள்.

"எவ்ளோ நேரம் தாங்கும்?"

"தாங்கும்."

"நான் எவ்ளோ நேரம்னு கேட்டேன்."

மீட்டரைத் துணியால் துடைத்தேன், துடைத்தால் முள் ஏறும் என்பது போல. அண்ணன் வீட்டுக்குள் போய் அவருக்கு ஒரு ஜோக் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு மெஷினையே கேட்டுக்கொண்டிருந்தார். அண்ணி என்னிடம் ரகசியமாக, "தம்பி, காத்து வருமாப்பா?" என்று கேட்டார். நேற்று அவர் இப்படிக் கேட்டிருந்தால் அரை மணி நேரம் விளக்கியிருப்பேன். தலையை மட்டும் ஆட்டினேன். ஆமாம் என்பதற்கும் இல்லை என்பதற்கும் பொதுவான ஓர் ஆட்டல்.

உச்சிவேளைக்கு இன்வெர்ட்டர் விட்டுவிட்டுக் கூவ ஆரம்பித்தது. பேட்டரி தீரப்போகிறது என்று அர்த்தம். மெஷினின் டக்குக்கும் புஸ்ஸுக்கும் நடுவே இடைவெளி நீள்வதாக எனக்குப் பட்டது. அப்போதுதான் தண்ணீரில் இறங்கினேன். மூன்றாவது வீட்டுக்குப் போவதற்குள் அழுதுவிட்டேன். மழையும் இல்லை, அது தெரியாமல் போவதற்கு.

"மாமே, லாரியை எடு."

அவர் சட்டைகூடப் போடவில்லை. சாவியை எடுத்துக்கொண்டு முன்னால் போனார்.

போகிற வழியில் மெஷின் ஓட வேண்டுமே. லாரி பேட்டரியும் என்னுடைய இரண்டு பேட்டரியும் சேர்ந்து கொடுக்கிற வோல்டேஜும் ஒன்றுதான், இன்வெர்ட்டரை அதிலேயே மாட்டலாம் என்று அப்போது தோன்றியது. காலையிலேயே தோன்றியிருக்க வேண்டிய விஷயம். படிக்குக் கீழே போய் நானே பூட்டிய வயர்களை நானே பிடுங்கினேன். இன்வெர்ட்டரைக் கழற்றியதும் நாலு வீட்டு லைனும் செத்தது. அண்ணனின் மெஷின் நின்றது. இனி அவரைத் தூக்கி ஏற்றி, லாரி எஞ்சினை ஓடவிட்டு, வயரை மாட்டும்வரை அவருக்கு எதுவும் இல்லை.

தங்கச்சியும் என் மனைவியும் அவரை நாற்காலியோடு தூக்கினார்கள், மாமே பின்னாலிருந்து. தண்ணீர் நாற்காலியின் உட்காரும் பலகையைத் தொட்டது. அவருடைய வாய் திறந்திருந்தது, சத்தம் வரவில்லை. அண்ணி மெஷினைத் தலைமேல் வைத்துக்கொண்டு வந்தார். லாரி முன்பக்கம் ஏறி நான் வயரை மாட்டிக்கொண்டிருந்தேன். நெருப்புப் பொறி பறந்து சுண்டுவிரல் சுட்டது. எஸ்டேட்டில் புதிதாக வருகிற பையன்களை, ப்ளஸ் எது மைனஸ் எது என்று தெரியாதவன் எலெக்ட்ரீஷியனா என்று கேலி செய்தவன், ஒருமுறை மாற்றி மாட்டப் போய்க் கடைசி நொடியில் பிடித்துக்கொண்டேன்.

"மந்திரி, சீக்கிரம்யா" என்றார் மாமே. அந்தப் பெயரை அதற்குமுன் அவர் அவ்வளவு மெதுவாகச் சொல்லிக் கேட்டதில்லை.

மாட்டினேன். மெஷின் ஓடியது. அண்ணனின் தலை அண்ணியின் தோளில் சாய்ந்தது.

பூந்தமல்லி சாலை முழுக்க ஆறு. எஞ்சின் நின்றால் எல்லாம் நின்றுவிடும் என்பதால் மாமே ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுக்கவே இல்லை. பஸ் டிப்போ பக்கத்தில் ஒரு பஸ் குறுக்கே நின்றுபோய்க் கிடந்தது. மாமே கதவைத் திறந்து பாதி உடம்பை வெளியே நீட்டி, "யோவ், தள்ளுங்கய்யா, உள்ள உசுரு கீது" என்று கத்தினார். யார் யாரோ வந்து தள்ளினார்கள். மடியில் வைத்திருந்த இன்வெர்ட்டரின் சூட்டில் என் தொடை வெந்துகொண்டிருந்தது. வேகட்டும் என்று இருந்தேன்.

மகள் வீட்டில் லிஃப்ட் ஓடியது. கட்டில் போட்டு, மெஷினைச் சுவரில் சொருகி, அவர் சாய்ந்து படுத்துக் கொஞ்ச நேரத்தில் உதட்டில் நிறம் வந்தது. மகள் என்னைப் பார்க்கவில்லை. காபி கொடுத்தாள், முகத்தைத் திருப்பிக்கொண்டு கொடுத்தாள். எனக்குச் சும்மா இருக்கத் தெரியாது. கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து பேச ஆரம்பித்தேன். இனிமேல் இப்படி ஆகாது என்றேன். பேட்டரி இன்னும் இரண்டு சேர்க்கப் போகிறேன், டிரம்மைத் திரும்ப மாட்டப் போகிறேன், மாடியில் சோலார் தகடும் போட்டுவிட்டால் காற்று இல்லாத நாளைக்கு வெயில் இருக்கும் என்றேன். "ரெண்டே வாரம் அண்ணே. காத்து கிளம்பினதும் நானே வந்து உங்கள இட்டுகினு போறேன்" என்றேன்.

அண்ணன் கண்ணைத் திறக்காமல் மூக்குக் குழாயைச் சரிசெய்துகொண்டார்.

"பேசாம இரு, மெஷின் சத்தம் கேக்கல."